ரோசம்மா புன்னூஸும் தேவிகுளம் தொழிலாளியின் ஓட்டும்

(பாலக்காட்டில் நடைபெற்ற நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ரயில்வேயில் குமாஸ்தா. பத்தாவது வரை படித்தவன். ஆனால் இன்று ரயிலே இல்லாத ஒரு மாவட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயில் ஓடவில்லை. ஒரு காலத்தில் மூணாறில் தேயிலைப் பெட்டி ஏற்றிச் செல்ல ஒரு சின்ன ரயில் ஓடியது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் போனது போனதுதான். தேயிலை போகவில்லை, தேயிலை கிள்ளுகிற நம் ஜனங்களும் போகவில்லை.

"அரசியல் குடும்பத்தில் பிறந்தவர்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அப்பா மந்திரி, பிள்ளை மந்திரி என்கிற கதை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி, அவர் மகன் ஸ்டாலின், பேரன் உதயநிதி. நாம் பிழைக்க வந்த இந்தக் கேரளத்தில் கருணாகரனுக்குப் பிறகு முரளீதரன், கே.எம். மாணிக்குப் பிறகு ஜோஸ் கே. மாணி, பாலகிருஷ்ண பிள்ளைக்குப் பிறகு கணேஷ்குமார். இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் நான் பேசப்போவது இவர்களைப் பற்றி அல்ல. அரசியல் குடும்பத்தில் பிறந்து, அரசியல்வாதியை மணந்து, நம் தோட்டத் தொழிலாளர்களின் ஓட்டினால் கேரள வரலாற்றில் இடம் பிடித்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசுகிறேன். அவர் பெயர் ரோசம்மா புன்னூஸ். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கை தூக்கச் சொன்னால் நமக்குத்தான் வெட்கம். நம் பாட்டிமார் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அவர்.

அக்காளும் தங்கையும்

ரோசம்மா 1913ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி காஞ்சிரப்பள்ளியில் பிறந்தார். கரிப்பாபறம்பில் என்ற வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். பெண்களைப் படிக்கவைத்த குடும்பம். ரோசம்மா சென்னைக்குப் போய் சட்டம் படித்தார். அவருடைய அக்காள் அக்கம்மா செறியான் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை.

1938ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கொதித்துக்கொண்டிருந்தது. மகாராஜாவின் ஆட்சி, திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் அதிகாரம். பொறுப்பாட்சி வேண்டும் என்று கேட்ட ஸ்டேட் காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறைக்குப் போனார்கள். ஆண் தலைவர்கள் எல்லாரும் உள்ளே போனபின், வேலையை உதறிவிட்டு வந்த அக்கம்மா செறியான் தலைமை ஏற்றார். அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, மகாராஜாவின் பிறந்தநாள் அன்று, பெரும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் கவடியார் அரண்மனையை நோக்கி நடந்தார். சுடுவதற்கு உத்தரவு பிறந்தது. முதல் குண்டு தன்மேல் பாயட்டும் என்று முன்னால் வந்து நின்றார் அந்த அம்மா. தலைவர்கள் விடுதலையானார்கள். காந்தியடிகள் அவரைத் திருவிதாங்கூரின் ஜான்சி ராணி என்று பாராட்டினார்.

அதே ஆண்டு டிசம்பரில் அக்காளும் தங்கையும் கைதானார்கள். ரோசம்மாவின் அரசியல் இப்படிச் சிறை வாசலில்தான் தொடங்கியது. அரசியல் குடும்பம் என்று இன்று நாம் சொன்னால் கார், பங்களா, பதவி என்று கண்முன் வருகிறது. அன்றைய அரசியல் குடும்பத்துக்குச் சொத்து சிறைவாசம்தான். இதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

1946இல் ரோசம்மா பி.டி. புன்னூஸை மணந்தார். அவர் கம்யூனிஸ்ட் தலைவர். ரோசம்மாவும் 1948இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கட்சி அடக்குமுறைக்கு ஆளாகியிருந்த காலம் அது. புன்னூஸ் 1952இலும் 1957இலும் மக்களவைக்கு வென்றார். கணவர் டில்லியில், மனைவி திருவனந்தபுரத்தில் என்று ஆனது.

அக்காள் கதை வேறு விதமாகப் போயிற்று. அக்கம்மா செறியான் 1947இல் திருவிதாங்கூர் சட்டசபைக்குப் போட்டியின்றித் தேர்வானார். பிறகு காங்கிரசிலிருந்து விலகினார். 1952இல் சுயேச்சையாக நின்று தோற்றார். 1967இல் சொந்த ஊரான காஞ்சிரப்பள்ளியில் நின்றும் தோற்றார். 1982இல் காலமானார். இன்று திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. குண்டுக்கு மார்பு காட்டியவருக்குச் சிலை கிடைத்தது, ஓட்டு கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேரில் தங்கை சட்டசபையில் உட்கார்ந்தார், அக்காள் வெளியே நின்றார். குடும்பப் பெயர் கதவைத் திறந்துவிடும். உள்ளே உட்காரவைப்பது ஓட்டுப்பெட்டிதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தேவிகுளம் 1957

1956 நவம்பர் 1ஆம் தேதி கேரள மாநிலம் பிறந்தது. அதற்கு முன்னால் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்தது. தமிழர் அதிகமாக வாழ்ந்த தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அந்தக் கட்சி 1954 தேர்தலில் 12 இடம் வென்றது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. முடிவில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மலைமேல் லயத்தில் குடியிருந்த நம் ஜனங்கள் ஓர் அடி கூட நகரவில்லை. கோடுதான் நகர்ந்தது. எல்லைக்கோடு எப்படிப் போனாலும் விடிகாலையில் கூடை தூக்கிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போகத்தான் வேண்டும்.

அப்படிக் கோடு போட்ட நாலே மாதத்தில் கேரளத்தின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. 1957 பிப்ரவரி, மார்ச். தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இன்று போல் இயந்திரம் கிடையாது, முத்திரை குத்துவதும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். எழுத்துத் தெரியாதவர் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட வேண்டும்.

என் அம்மாச்சி அப்போது கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர். படிப்பு வாசனை கிடையாது. ஆனால் சாகும்வரை அந்த ஓட்டுப்பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "காளை மாட்டுப் பெட்டி ஒண்ணு, கதிர் அருவாப் பெட்டி ஒண்ணு. கங்காணி இல்ல, துரை இல்ல. நான் ஒருத்திதான் அந்த ரூமுக்குள்ள நின்னேன்" என்பார். ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண், யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் தனியாக ஒரு முடிவு எடுத்த இடம் அந்த மறைவு. அதுதான் ஓட்டு என்பதன் பொருள்.

முடிவு வந்தது. தேவிகுளத்திலிருந்து காங்கிரசின் என். கணபதி ஒருவர், கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஒருவர் வென்றார்கள். மொழிப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரத்தில், மலையாளம் பேசும் ஒரு பெண்ணைத் தமிழ்த் தொழிலாளர் தொகுதி தேர்ந்தெடுத்தது. கூலி பற்றியும் லயம் பற்றியும் யார் பேசினார்கள் என்று பார்த்துப் போட்ட ஓட்டு அது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைச்சரவை அமைந்தது. சட்டசபை கூடுவதற்கு முன் தற்காலிக சபாநாயகராக ஒருவர் இருந்து மற்ற உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு ரோசம்மாவுக்கு வந்தது. ஆகவே கேரள சட்டசபையில் முதன்முதலாகப் பதவிப் பிரமாணம் எடுத்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. முதல் அமைச்சருக்கே உறுப்பினர் பிரமாணம் அவர் முன்னிலையில்தான். அந்தச் சபையில் பெண்கள் 6 பேர்தான். அவர்களில் ஒருவர், நம் கொழுந்துக்காரிகள் அனுப்பிய ஒருவர், எல்லாருக்கும் முன்னால் நின்றார். தாய்மார்களே, இது உங்கள் பெருமை.

ஒரு காகிதத்தில் கவிழ்ந்த வெற்றி

இனித்தான் கதை முறுக்கேறுகிறது. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பிடித்த பகுதி இது.

பி.கே. நாயர் என்ற காங்கிரஸ் தொழிற்சங்கத் தலைவரின் வேட்புமனு 1957இல் பரிசீலனையின்போது தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. அவர் தேர்தல் தீர்ப்பாயத்துக்குப் போனார். மனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்று முடிவானது. ரோசம்மாவின் தேர்தல் செல்லாது என்றாகிவிட்டது.

"அந்த மனுவை ஏற்றிருந்தாலும் அவர் தோற்றிருப்பாரே, பிறகு ஏன் செல்லாது?" என்று நீங்கள் கேட்கலாம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. தவறாக ஒரு மனுவை ஏற்றிருந்தால், அதனால் முடிவு மாறியதா என்று பார்க்க வேண்டும். ஆனால் தவறாக ஒரு மனுவைத் தள்ளியிருந்தால் அந்தக் கணக்கே வேண்டாம். நிற்க உரிமை உள்ள ஒருவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, நின்றிருந்தால் தோற்றிருப்பான் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தேர்தலே செல்லாது. நியாயமான சட்டம் இது. பயணச்சீட்டு வைத்திருப்பவனை வண்டியில் ஏறவிடாமல் தடுத்துவிட்டு, "வண்டியில் இடமில்லை, ஏறியிருந்தாலும் நின்றுகொண்டுதான் போயிருப்பாய்" என்று நான் சொல்ல முடியுமா?

ஆக, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் போட்ட ஓட்டு, ஓர் அதிகாரி ஒரு காகிதத்தில் செய்த பிழையால் விழுந்தது. பிழை செய்தவர் தொழிலாளி அல்ல, ரோசம்மாவும் அல்ல. ஆனாலும் மறுபடி மலையேறிப் போய் ஓட்டுக் கேட்க வேண்டியவர் அவர். மறுபடி வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நம் ஜனங்கள்.

1958 மே மாதம் இடைத்தேர்தல். சாதாரண இடைத்தேர்தலா அது? 126 இடம் கொண்ட சபையில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 பேர், ஆதரவு சுயேச்சைகள் 5 பேர். மொத்தம் 65. பெரும்பான்மைக்கு வேண்டியது 64. சபாநாயகரும் அவர்களில் ஒருவர். தேவிகுளம் போனால் ஆட்சி நூலில் தொங்கும். இந்தியாவில் ஒரு மாநிலத்தில் தேர்தல் மூலம் வந்த முதல் கம்யூனிஸ்ட் ஆட்சியின் உயிர், தேவிகுளம் மலையில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்களின் கையில் இருந்தது!

தேர்தல் வேலைக்குக் கட்சி அனுப்பியவர்களில் முக்கியமானவர் வி.எஸ். அச்சுதானந்தன். பின்னாளில் முதலமைச்சரான அதே வி.எஸ்.தான். பிரசாரத்துக்குத் தமிழ் வேண்டுமே! மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து பாடினார். இளையராஜாவின் அண்ணன் அவர். லயத்து வாசலில் தமிழ்ப் பாட்டுக் கேட்டதும் குழந்தைகுட்டிகளோடு ஜனம் கூடியது. வேட்பாளரின் குடும்பப் பெருமை காஞ்சிரப்பள்ளியில் செல்லும், கவடியாரில் செல்லும். லயத்தில் செல்லுபடியானது பாவலரின் தமிழ்தான்.

எதிரே நின்றவர் அதே பி.கே. நாயர். ரோசம்மா மறுபடியும் வென்றார். ஆட்சி தப்பியது.

மே மாதம் ஓட்டு, அக்டோபரில் துப்பாக்கி

தோழர்களே, இந்த இடத்தில் கதையை முடித்தால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் உண்மையை முழுதாகச் சொல்வதுதான் சங்கக்காரனுக்கு அழகு.

அதே 1958ஆம் ஆண்டு அக்டோபரில் மூணாறு தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அதை நடத்தியது ஆளும் கட்சியின் பக்கம் நின்ற ஏ.ஐ.டி.யு.சி. சங்கம். ஆட்சி தொழிலாளியின் ஆட்சி என்று சொல்லப்பட்டது. ஆனாலும் போலீஸ் சுட்டது. பாப்பம்மாள், ஹசன் ராவுத்தர் என்ற இரண்டு தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். ஆட்சியைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டு 5 மாதம்தான் ஆகியிருந்தது.

இதைச் சொல்வது ஒரு கட்சியைத் தாழ்த்துவதற்கு அல்ல. துப்பாக்கிச் சூடு நடக்காத ஆட்சி எது? மார்த்தாண்டத்தில் சுட்டது வேறு கட்சி ஆட்சி. நான் சொல்ல வருவது இதுதான்: ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்தது, மேலே போனவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட முடியாது. போனவர் நல்லவராக இருக்கலாம். சிறை சென்ற குடும்பமாக இருக்கலாம். ஆனால் சட்டசபை திருவனந்தபுரத்தில், போலீஸ் நிலையமும் தோட்ட ஆபீசும் நம் வீட்டு வாசலில். இடையில் உள்ள தூரத்தை நிரப்ப வேண்டியது நம் சங்கம்.

அந்த ஆட்சி 1959 ஜூலை 31இல் கலைக்கப்பட்டது. ரோசம்மா பிறந்த சமூகத்தின் சபைத் தலைமையே அந்த ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கியிருந்தது. அவர் அசையவில்லை. 1964இல் கட்சி இரண்டாகப் பிளந்தபோது அச்சுதானந்தன் ஒரு பக்கம் போனார். ரோசம்மாவும் புன்னூஸும் சி.பி.ஐ.யிலேயே இருந்தார்கள். 1971இல் புன்னூஸ் இறந்தார். 1987இல் ரோசம்மா ஆலப்புழைத் தொகுதியிலிருந்து மீண்டும் சட்டசபைக்கு வந்தார். வயது 73. மறுபடியும் தற்காலிக சபாநாயகர் நாற்காலி. 30 ஆண்டுகளுக்கு முன் முதல் பிரமாணம் எடுத்தவர், புதிய தலைமுறைக்குப் பிரமாணம் செய்துவைத்தார். 2013 டிசம்பர் 28ஆம் தேதி, 100 வயது நிறைந்தவராக, ஓமன் நாட்டின் சலாலாவில் மகன் வீட்டில் காலமானார். அந்த வளைகுடாவும் பிழைக்கப் போனவர்களின் பூமிதான்.

குறை இல்லாத மனுஷி என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1938இல் சிறை வாசலில் தொடங்கி 50 ஆண்டு, பதவி இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே கொள்கையில் நின்றார். நிற்கிற கட்சியை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய விஷயம்.

நமக்கு யார் வாரிசு?

ரோசம்மாவுக்குப் பிறகு தேவிகுளம் தனித்தொகுதி ஆனது. நம் மொழி பேசுகிறவர்களே வென்றார்கள். ஏ.கே. மணி 1991, 1996, 2001 என மூன்று முறை. எஸ். ராஜேந்திரன் 2006, 2011, 2016 என மூன்று முறை. 2021இல் ஏ. ராஜா. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேரளத்தின் முதல் பிரமாணத்தை எடுக்க ஒரு பெண்ணை அனுப்பிய தேவிகுளம், 2021 தேர்தல் வரை அவருக்குப் பிறகு ஒரு பெண்ணைக்கூட அனுப்பவில்லை. கொழுந்து கிள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் உட்காருகிறவர்கள் ஆண்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதனால்தான் 2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள். சங்கத் தலைவர்களை அருகில் வரவேண்டாம் என்றார்கள். போனஸ் வென்றது. கூலி 301 ஆனது. மற்ற அரசியல்வாதிகளைத் திருப்பி அனுப்பிய அந்தப் பெண்கள் ஒரு கிழவரை மட்டும் தங்கள் நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். 1958இல் ரோசம்மாவுக்காக மலையேறிய அதே வி.எஸ். அச்சுதானந்தன்தான் அவர். 2025 ஜூலையில் அவர் காலமானபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காட்சிதான். அந்தப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற கோமதி அதே ஆண்டு பிளாக் பஞ்சாயத்துத் தேர்தலில் வென்றார். அவருக்கு அப்பா மந்திரியா, அண்ணன் எம்.பி.யா? குடும்பப் பெயர் இல்லாமலும் கதவு திறக்கும். ஆனால் ஆயிரம் பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது.

பட்டியலில் பெயர்

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1957இல் ஒரு காகிதம் ஒரு தேர்தலைக் கவிழ்த்தது என்றேன். தேவிகுளத்தில் அது மறுபடியும் நடந்தது. 2021இல் ராஜா தமிழில் பிரமாணம் எடுத்தார். அந்தத் தமிழ் வாசகத்தில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. மறுபடி எடுக்க வேண்டி வந்தது, 2,500 ரூபாய் அபராதமும் போட்டார்கள். பிறகு அவர் கேரளத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்தானா என்று வழக்கு. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி அவர் வெற்றி செல்லும் என்றது. தாத்தா பாட்டி மலைக்கு எப்போது வந்தார்கள், எந்தப் பதிவேட்டில் என்ன பெயர் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் புரட்டப்பட்டது.

இது ஒரு எம்.எல்.ஏ.வின் பிரச்சினை மட்டுமா? பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி. அதற்குமுன் குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். என் தம்பி படிப்புக்குச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்கு 11 முறை நடந்தான். "உங்கள் தாத்தா எப்போது வந்தார்? காகிதம் கொண்டு வா" என்றார்கள். அம்மாச்சியின் தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். எஸ்டேட் செக்ரோலிலிருந்து ஒரு நகல் கிடைத்தபோது படிப்புக்கான கடைசித் தேதி போய்விட்டது. அவன் இன்று லாரி ஓட்டுகிறான். நல்ல ஓட்டுநர்தான். ஆனால் அவன் கேட்டது அது இல்லையே!

2025 நவம்பரில் தேர்தல் ஆணையம் கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. கேரளத்தில் 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று கேட்டது. அப்போது நம் சங்க ஆபீசில் இரவு பத்து மணி வரை விளக்கு எரிந்தது உங்களுக்குத் தெரியும். படிவம் நிரப்ப வந்த ஒரு பாட்டி என்னிடம், "தம்பி, தேனிப் பக்கம் ஊரில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிறேனே, ரெண்டு ஊரும் என் ஊருதானே?" என்றார்.

பாட்டியின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் இரண்டு இடத்தில் பெயர் வைக்க விடாது. ஒரே ஆள் இரண்டு தொகுதியில் பதிவு செய்யக்கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. அதைவிட முக்கியம், எல்லைத் தொகுதிகளில் தமிழருக்கு இரட்டை ஓட்டு என்று யாராவது குற்றம் சாட்டும்போது, நேர்மையாக ஒரே ஓட்டு வைத்திருக்கும் தொழிலாளியையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். ஒருவர் செய்யும் தவறு ஒரு லயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பாட்டியிடம் நான் சொன்னேன்: "ரெண்டு ஊரும் உங்க ஊருதான் பாட்டி. ஆனா ஓட்டு ஒண்ணுதான். உங்க ரேஷன் எங்கே, வேலை எங்கே, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் எங்கே, அங்கே வையுங்க." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ இங்கேயே எழுது" என்றார்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது மூன்றே விஷயம். முதலாவது, பட்டியலில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் பெயரும் ஓர் இடத்தில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். மருமகளாக வந்த பெண்ணின் பெயரை மறந்துவிடாதீர்கள். 18 வயதான பிள்ளையைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். இரண்டாவது, பழைய காகிதத்தைக் காப்பாற்றுங்கள். செக்ரோல் நகல், பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, இன்னொரு நகலைச் சங்கத்தில் கொடுத்துவையுங்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்கள்மேல் மலை சரிந்தபோது 70 உயிர் போயிற்று. மிஞ்சியவர்களின் வீட்டில் காகிதம் என்று எது மிஞ்சியிருக்கும்? மூன்றாவது, ஓட்டுக் கேட்டு வருகிறவரை, யார் மகன் என்று கேட்காதீர்கள். ஜெயித்தபின் எந்தத் தேதியில் இந்த லயத்துக்கு, இந்தத் தெருவுக்குத் திரும்பி வருவார் என்று கேளுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் நாம் போவோம்.

அரசியல் குடும்பங்களைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை தோழர்களே. அவர்களுக்கு வாரிசு இருக்கிறது, பெயர் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ரோசம்மாவுக்கும் பெயர் இருந்தது. ஆனால் 1957இலும் 1958இலும் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது அந்தப் பெயர் அல்ல. பெயர் எழுதத் தெரியாத என் அம்மாச்சியைப் போன்றவர்களின் சீட்டு அனுப்பியது. முதல் சீட்டைச் சட்டம் செல்லாது என்றபோது, சலிக்காமல் மறுபடி வரிசையில் நின்றார்கள். அவர்கள் நமக்கு நிலம் விட்டுப் போகவில்லை. வீடும் விட்டுப் போகவில்லை, லயம் கம்பெனியுடையது. விட்டுப்போனது அந்தப் பட்டியலில் ஒரு வரி. அதைத் தொலைத்துவிட்டு அவர்கள் முகத்தில் நாம் எப்படி விழிப்பது?

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். பட்டியல் அங்கே இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.